மாட்டுக்கு பூட்ஸ் தைத்த குளிர்காலம்

1. நோட்டீஸ் போர்டில் வந்த குளிர்

கோலாலம்பூரில் குளிர்காலம் வந்துவிட்டது என்பதை நான் ஒருநாளும் உடம்பால் தெரிந்துகொண்டதில்லை. கிளப் நோட்டீஸ் போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். டிசம்பர் பிறந்ததும் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ஒரு தாளைக் கொண்டுவந்து ஒட்டுவார். 'வின்டர் கப்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதை நின்று பார்க்கும்போதே எனக்கு முதுகில் வியர்வை ஓடும். துரைமார்களின் ஊரில் அது பனி விழும் மாதமாம். அதனால் இங்கேயும் குளிர்காலம்தான். பனிக்குப் பதிலாக எங்களுக்கு மழை விழுந்தது. மத்தியானம் கறுக்கும், சாயங்காலம் கொட்டும், மறுநாள் காலையில் புல் ஒரு விரல் உயர்ந்து நின்று எங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

முப்பதுகளின் தொடக்கத்தில், ரப்பர் விலை தரையில் கிடந்த காலத்தில், டவுனுக்கு வெளியே இருந்த ஒரு கோல்ஃப் கிளப்பில் நான் கிரவுண்டு மண்டோராக, அதாவது மைதானத்து ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தேன். ஈயம் தோண்டி முடித்த நிலத்தில் புல் பிடிக்க வைத்துப் போட்ட மைதானம் அது. அங்கே ஆடிய துரைமார்கள் யாரும் பிழைப்புக்காக ஆடியவர்கள் அல்லர். தோட்டத்திலும் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை வந்து ஆசைக்கு ஆடியவர்கள். அதனால்தான் தோற்றால் அவ்வளவு கோபம் வரும்.

நான் மண்டோர் ஆனது என் திறமையால் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை வேறு. கிளப் செக்ரட்டரி துரை முன்னாள் தோட்டத்துரை, தமிழ் பேசுவார். தோட்டத்தில் ஆள் விரட்டக் கற்ற தமிழ். பேட்டிக்கு வந்தவர்களில், அந்தத் தமிழைக் கேட்டுச் சிரிக்காமல் நின்றவன் நான் ஒருவன்தான். வேலை கிடைத்துவிட்டது.

என் கீழே இருந்த கூட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். களை பிடுங்கும் பெண்கள். அவர்களுக்குத் தலைவி அஞ்சலை. அவள் கை களையைப் பிடுங்கும், வாய் என்னைப் பிடுங்கும். அரிவாளோடு ஓரம் வெட்டும் ஆட்கள் சிலர். பிறகு வேலாயுதம் அண்ணன். கிளப்பின் புல் வெட்டும் மோவரை இழுத்த ஒற்றை மாட்டுக்கு அவர்தான் வண்டியோட்டி, வைத்தியர், தாய் எல்லாம். மாடு நல்ல வெள்ளை நிறம். வெள்ளையன் என்று பெயர் வைத்துவிட்டார். செக்ரட்டரிக்குத் தமிழ் தெரியும் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதிலிருந்து துரைமார்கள் பக்கத்தில் இருந்தால் 'மயிலை' என்று கூப்பிடுவார். மாடு அந்தப் பெயருக்குத் திரும்பிக்கூடப் பார்க்காது.

அந்த வருஷத்து வின்டர் கப் முதல் ஆட்டத்தில்தான் சங்கடம் வந்தது.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தை அடிக்கத் தொடங்கும் மேட்டுக்கும், குழி இருக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள வெட்டிய புல்தரைதான் ஃபேர்வே. குளிர்காலப் போட்டியில் ஒரு சலுகை உண்டு. 'வின்டர் ரூல்' என்பார்கள். ஃபேர்வேயில் பந்து சேற்றில் விழுந்தால், எடுத்துத் துடைத்து ஒரு சாண் தள்ளி நல்ல இடத்தில் வைத்து அடிக்கலாம். கிளப்பின் கேப்டன் துரை மூன்றாவது ஃபேர்வேயில் அடித்த பந்து, தண்ணீர் நின்ற ஒரு மாட்டுக் காலடியில் விழுந்தது. எடுத்தார், துடைத்தார், ஒரு சாண் தள்ளி வைக்கப் போனார். அங்கே இன்னொரு காலடி. இந்தப் பக்கம் ஒரு சாண் பார்த்தார். இங்கேயும் ஒன்று. முந்தின நாள் ஈரத்தில் புல் வெட்டும்போது வெள்ளையன் அந்த இடத்தில் நின்று எதையோ யோசித்திருக்கிறது போலிருக்கிறது.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். செக்ரட்டரி குழியைப் பிரம்பால் குத்திக் காட்டினார்.

"மண்டோர்! இது என்னா?"

"மாட்டுக் காலடிங்க தொர."

"பந்து விழ நாம ஒம்பது குழி வச்சிருக்கோம். உன் மாடு எத்தனை குழி வச்சிருக்கு?"

நான் குனிந்து குழியைப் பார்த்தேன். அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"கமிட்டி மோட்டார் மோவர் வாங்கப் போவுது," என்றார். "மாடு வேணாம். மாட்டுக்காரன் வேணாம். அருவா ஆளும் பாதி வேணாம். கப்பு முடிஞ்சதும் எல்லாத்தையும் அனுப்பிடு."

"மெஷினு மழையில ஓடுமாங்க தொர?"

"ஓடாது. மழையில புல்லு நீளமா இருந்தா இருக்கட்டும். இந்தக் குழிக்கு அது மேலு."

அப்போதுதான் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"குத்தம் காலுமேலதானே தொர? மாட்டுக்கு பூட்ஸ் போட்டுட்டாப் போச்சு."

சத்தியமாக வேடிக்கைக்குச் சொன்னதுதான். செக்ரட்டரி அதை இங்கிலீஷில் கேப்டனுக்குச் சொன்னார். கேப்டன் சிரிப்பார், கோபம் தணியும் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தங்கள் ஊரில் மோவர் இழுக்கும் குதிரைகளுக்குத் தோல் பூட்ஸ் போடுவது வழக்கம்தான் என்றார். மாட்டுக்குப் போட்டு அவர் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டார்.

செக்ரட்டரி என் பக்கம் திரும்பினார். "பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை ஃபைனல். அதுக்குள்ள போடு. ஈரத் தரையில மாடு நடந்து, குழி விழக் கூடாது. விழுந்தா மெஷினு. விழலேன்னா மாடு இருக்கட்டும்."

2. சிமெண்டுத் தரையில் எடுத்த அளவு

விஷயத்தைச் சொன்னதும் வேலாயுதம் அண்ணன் மாட்டுக் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எனக்கே செருப்பு கிடையாது. மாட்டுக்கு பூட்ஸா?"

அஞ்சலை விடவில்லை. "போடுங்க மண்டோரண்ணே. அப்படியே ஒரு தொப்பியும் போட்டுட்டா மெம்பர் ஆயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். வேலாயுதம் அண்ணன் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் வேலை போனவர்களை கிள்ளான் பக்கத்துத் துறைமுகத்தில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்த எத்தனையோ குடும்பங்கள் தகரப் பெட்டியோடு போயின. அண்ணன் இடுப்புக் குழந்தையாக இங்கே வந்தவர். அவர் பெண்கள் மூவரும் டவுனை ஒட்டிய செந்தூலில் பிறந்தவர்கள்.

"அங்க இறங்கினா யாரு வீட்டுக் கதவைத் தட்டுறதுன்னுகூட எனக்குத் தெரியாது தம்பி," என்றார். "நீ வெளையாட்டுக்குச் சொன்னியோ, நெசமாச் சொன்னியோ, இனி செஞ்சுதான் ஆவணும்."

அதற்கு மேல் எனக்கு வேடிக்கை வரவில்லை. செய்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

செந்தூல் ரயில்வே பட்டறையில் மெஷின்களை ஓட்டும் தோல் பெல்ட்டுகளைத் தைத்துக் கொடுக்கும் அந்தோணி என்பவர் எனக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தவரைப் பிடித்தேன்.

"அண்ணே, பூட்ஸ் தைக்கணும்."

"யாருக்கு?"

"வெள்ளையனுக்கு."

"துரைமாருக்குத் தைக்கிற ஆளு நான் இல்லப்பா. டவுன்ல சீனன் கடை இருக்கு, அங்க போ."

"இது நாலு காலு உள்ள வெள்ளையன்."

அவர் என் முகத்தை மோந்து பார்த்தார். கள்ளு வாடை இல்லை என்று தெரிந்ததும் உட்காரச் சொன்னார். ஏலத்தில் எடுத்த பழைய பெல்ட் தோல் அவரிடம் கிடந்தது. தடிப்பான தோல், எண்ணெய் ஊறியது, தண்ணீருக்கு அஞ்சாதது. "காலு அளவு கொண்டா, தைச்சுத் தரேன்," என்றார்.

அளவு எடுத்தோம். கொட்டகையின் சிமெண்டுத் தரையைக் கழுவி, வெள்ளையனை நிறுத்தி, ஒவ்வொரு காலைச் சுற்றியும் நானே கரித்துண்டால் கோடு போட்டேன். அந்த மாதிரி அழகான கோட்டை நான் பள்ளிக்கூடத்தில்கூடப் போட்டதில்லை. அதன்மேல் தாளை வைத்து ஒற்றி எடுத்துக் கொடுத்தேன். அந்தோணி அண்ணன் சொன்னபடி தைத்துக் கொடுத்தார். அடியில் தோல், மேலே கித்தான் துணி, கணுக்காலுக்கு மேலே கட்டக் கயிறு.

பூட்ஸ் போட்ட வெள்ளையன் கொட்டகை வாசலில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரவல் சட்டை போட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவனைப் போல் ஒவ்வொரு காலையும் எடுத்து எடுத்து வைத்தது. செக்ரட்டரிகூட வந்து பார்த்து, "குட்" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மூன்றாவது ஃபேர்வேக்கு ஓட்டச் சொன்னேன்.

ஈரத் தரையில் இறங்கியதும் முதலில் வலது முன்னங்கால் பூட்ஸ் 'பர்' என்று கிழிந்தது. அடுத்து இடது பின்னங்கால் பூட்ஸ் சேற்றில் தங்கிவிட, வெள்ளையன் காலை மட்டும் உருவிக்கொண்டு முன்னே போனது. பின்னால் வந்த மோவர் அந்த பூட்ஸை வாங்கி, அரைத்து, நார் நாராக வெளியே துப்பியது. மாடு மிரண்டு மீதி இரண்டையும் உதறியது. ஒன்று ஃபேர்வே ஓரத்துப் பழைய ஈயக் குட்டையில் போய் மிதந்தது. ஃபேர்வே முழுக்க புதுக் குழிகள்.

களைக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அஞ்சலை கத்தினாள்: "மண்டோரண்ணே! மாடு செருப்பை வாசல்ல விட்டுட்டுக் கோயிலுக்குப் போவுது பாருங்க!"

மிதந்த பூட்ஸை எடுக்கக் குட்டையில் இறங்கியவன் நான்தான். வழுக்கி, உட்கார்ந்த நிலையில் இறங்கினேன். தூரத்தில் ஆடிக்கொண்டிருந்த துரைமார்கள் கை தட்டினார்கள். பந்துக்குத்தான் தட்டினார்கள் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

3. தாம்பாளத்தில் காலடி

கிழிந்த பூட்ஸோடு செந்தூலுக்குப் போனேன். அந்தோணி அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் தையலு விடலே. தோலுதான் கிழிஞ்சிருக்கு. உள்ளேருந்து என்னமோ தள்ளியிருக்கு."

மறுநாளே வேலை முடிந்து சைக்கிளில் கிளப்புக்கு வந்துவிட்டார். வெள்ளையனை மோவரில் பூட்டி, குட்டை ஓரத்து ஈரக் களிமண்ணில் மெல்ல நடத்தச் சொன்னோம். நாங்கள் இரண்டு பேரும் குப்புறப் படுத்துக்கொண்டு, கண்ணைத் தரையோடு தரையாக வைத்து, மாட்டின் காலையே பார்த்தோம். வேலாயுதம் அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி, "மாட்டுக்கு முன்னாடி மண்டோரு சாஷ்டாங்கமா விழுந்து கெடக்குறாரு, யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்றார்.

காரணம் அப்போதே கண்ணில் பட்டது. மாட்டின் பாதம் இரண்டாகப் பிளந்த குளம்பு. சிமெண்டுத் தரையில் சும்மா நிற்கும்போது இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஈர மண்ணில், பாரம் இழுக்கும்போது, இரண்டும் விரிந்து, நாம் சேற்றில் கால்விரலை விரிப்போமே, அதுபோலப் பரந்து ஊன்றும். நாங்கள் தைத்த பூட்ஸ் நிற்கும் மாட்டுக்கானது. உழைக்கும் மாட்டுக்கு அது பத்தவில்லை. நான் பிறந்ததிலிருந்து மாட்டுக் காலைப் பார்த்து வருகிறவன். அளவெடுத்த அன்று என் கரிக்கோட்டின் அழகைத்தான் பார்த்திருக்கிறேன்.

"இந்த மண்ணுலயே அளவெடுப்போம்," என்றார் அந்தோணி அண்ணன். "பாரம் இழுக்கையில எப்படி அழுந்துதோ, அந்த அளவு."

அப்படியே செய்தோம். நான்கு காலடிகளையும் மண்ணோடு வெட்டி எடுத்தோம். அதை அவர் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். சைக்கிளில் வைத்தால் குலுங்கி உடையும். ஆகவே வீட்டிலிருந்து பித்தளைத் தாம்பாளம் கொண்டுவந்து, அதில் நான்கையும் வைத்து, ஈரத்துணி போர்த்தி, நான் ரயிலில் ஏந்திக்கொண்டு போனேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, துணி விலகியதும் எட்டிப் பார்த்தார்.

"எந்தக் கோயில் பாதம் தம்பி?"

விளக்கம் சொல்லத் தொடங்கினால் செந்தூல் தாண்டிவிடும். "கோல்ஃப் கிளப்புங்கம்மா," என்றேன்.

"அது எங்க இருக்கு? நான் போனதில்லையே," என்று சொல்லி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, தலையிலிருந்த மல்லிகையில் கொஞ்சம் கிள்ளி வெள்ளையனின் காலடியில் வைத்தார். அதை எடுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. பூவோடேதான் அந்தோணி அண்ணனிடம் கொடுத்தேன்.

இந்த முறை பூட்ஸின் அடி சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது. முன்பக்கம் தோலை மடித்து விட்டிருந்தார். குளம்பு விரியும்போது மடிப்பும் விரியும். விளிம்பு கூர்மையாக மண்ணை வெட்டிவிடாமல் சுற்றிலும் உருட்டித் தைத்திருந்தார். ஆனால் வெள்ளையனுக்கு முதல் பூட்ஸ் ஞாபகம் இருந்தது. கிட்டே கொண்டுபோனாலே உதைத்தது. முதல் உதை எனக்கு, இரண்டாவதும் எனக்கு. அஞ்சலைதான் மடியிலிருந்து வெல்லக்கட்டியை எடுத்து அதன் மூக்குக்கு நேரே நீட்டினாள். வெல்லத்துக்குக் கழுத்தை நீட்டும்போது காலும் எழும்பியது. அதன் பிறகு அதுவே வழக்கம் ஆகிவிட்டது. வெல்லம் காட்டினால் கால் எழும்பும், வெல்லம் இல்லாவிட்டால் செக்ரட்டரியே வந்து நின்றாலும் எழும்பாது.

கிறிஸ்மஸ் போயிற்று, புது வருஷம் போயிற்று. துரைமார்கள் வருவதற்கு முன்னால், தினமும் மழையில் நடத்திப் பழக்கினோம். ஓரம் தேய்ந்தால் அந்தோணி அண்ணன் திருத்தினார். கயிறு அறுந்தால் வேலாயுதம் அண்ணன் வேறு முடிச்சுப் போட்டார். எனக்கு இருந்த ஒரே வேலை, பின்னாலேயே குனிந்து போய் மண்ணைத் தடவிப் பார்ப்பது. நிமிர்ந்து நடக்கும் மண்டோரை அந்த மாதம் யாரும் பார்த்திருக்க முடியாது.

இந்தச் சமயத்தில் இன்னொரு ஆசையும் எனக்கு வந்துவிட்டது. "மாட்டுக்கே பூட்ஸ் வந்தாச்சு, மண்டோருக்கு இல்லியா?" என்று அஞ்சலை கேட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. ஃபைனல் அன்று போட்டோ எடுப்பார்கள் என்று வேறு பேச்சு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்குப் போய், முக்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, பளபளவென்று கறுப்பு பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். உட்கார்ந்த நிலையில் அது என் காலுக்கென்றே செய்ததுபோல் இருந்தது.

4. மெஷின் வந்தது

ஃபைனலுக்கு முந்தின வாரம், மெஷின் கம்பெனி ஏஜெண்டின் ஆட்கள், ஓட்டிக் காட்டுவதற்காக ஒரு மோட்டார் மோவரை லோரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். வெயில் அடித்த காலை. மெஷின் படபடவென்று ஓடியது. நாங்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் முதல் ஃபேர்வே பாய் விரித்ததுபோல் ஆகிவிட்டது. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. நல்ல மெஷின்.

"மழையில?" என்று செக்ரட்டரி கேட்டார். ஏஜெண்டு நேர்மையான மனிதர். சக்கரம் மண்ணைக் கிழிக்கும், காய்ந்த பிறகு ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்.

வேலாயுதம் அண்ணன் மெஷினைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "வெல்லம் கேக்காது," என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

5. காலை எடுடா

ஃபைனல் அன்று காலை விட்ட மழை, போட்டி தொடங்கியதும் தூறலாகப் பிடித்துக்கொண்டது. கேப்டன் துரைக்கும் கிள்ளானிலிருந்து வந்த ஒரு டாக்டர் துரைக்கும் போட்டி. முந்தின நாள் அடைமழையால் கடைசி ஃபேர்வே மட்டும் வெட்டாமல் நின்றது.

செக்ரட்டரி என்னிடம் வந்தார். "அவங்க இங்க வர்றதுக்குள்ள வெட்டி முடி. இதுதான் உன் பரீட்சை. நான் பின்னாடியே நடந்து பார்ப்பேன்."

நான் புது பூட்ஸில் நொண்டிக்கொண்டு, "சரிங்க தொர" என்றேன். நின்றால் அது கடித்தது, நடந்தால் மென்றது.

வெள்ளையன் இறங்கியது. அஞ்சலை கூடையோடு பின்னால் போனாள். மாடு சாணி போட்டால் தரையில் விழுமுன் பிடித்துவிடும் கை அவளுடையது. நான் தடவிக்கொண்டே போனேன். குழி இல்லை. புல் படிந்து, பிறகு எழுந்தது. செக்ரட்டரி பிரம்பை ஊன்றி ஊன்றிப் பார்த்தார். அவருடைய பிரம்பு போட்ட ஓட்டைகள்தான் தெரிந்தன. அதைச் சொல்ல வந்த வாயை நான் கையால் பொத்திக்கொண்டேன்.

இன்னும் ஒரே வரிசை பாக்கி. அதற்குள் ஆட்டக்காரர்கள் மேட்டுக்கு வந்துவிட்டார்கள். இருவரும் சமம், கடைசிக் குழிதான் கோப்பையை முடிவு செய்யும். அவர்கள் அடிப்பதற்குள் ஓரத்துக்குப் போய்விடலாம் என்று வேலாயுதம் அண்ணன் மாட்டைத் திருப்பினார். கேப்டன் அவசரக்காரர். அடித்துவிட்டார்.

பந்து பறந்து வந்து, குதித்து, உருண்டு, வெள்ளையனின் முன்னங்காலுக்கு நேரே நின்றது. மாடு காலை வைத்தது. அண்ணன் பயத்தில் கயிற்றை இழுத்தார். இழுத்ததும் வெள்ளையன் நின்றுவிட்டது, பந்தின் மேலேயே.

கேப்டன் வந்தார், டாக்டர் வந்தார், குடை பிடித்த துரைமார்களும் துரைசானிகளும் வந்து வட்டமாக நின்றார்கள். அதே கேப்டன், அதே மாடு, அதே கால். பூட்ஸுக்கு அடியில் குழி விழுந்திருந்தால் மூன்றாவது ஃபேர்வே கதைதான் மறுபடியும். இந்த முறை கமிட்டி மொத்தமும் சாட்சி. வேலாயுதம் அண்ணன் மாட்டின் காதருகே குனிந்தார்.

"மயிலை... மயிலை, காலை எடு," என்று கெஞ்சினார். மாடு அசையவில்லை.

கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணனுக்குப் பதற்றத்தில் 'மயிலை' மறந்துபோயிற்று. தொண்டை கிழியக் கத்தினார்:

"டேய் வெள்ளையா! எடுடா காலை!"

செக்ரட்டரி மெல்லத் திரும்பினார்.

"யாரைச் சொல்றே?"

"மாட்டைங்க தொர! மாட்டைத்தான் தொர!"

கேப்டன், இவர் என்ன சொன்னார் என்று இங்கிலீஷில் கேட்டார். எதையும் மொழிபெயர்த்துச் சொல்லிவிடும் செக்ரட்டரி, அன்றைக்கு மட்டும் வானத்தைப் பார்த்து, மழை வலுக்கும்போல் இருக்கிறது என்றார்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அஞ்சலை வந்தாள். "வெல்லம் இல்லாம எப்படிலா எடுக்கும்?" என்று என்னைத் திட்டிவிட்டு, மடியை அவிழ்த்து, வெல்லக்கட்டியை வெள்ளையனின் மூக்குக்கு நேரே பிடித்தாள். கழுத்து நீண்டது. கால் எழும்பியது.

பந்து பாதி புல்லுக்குள் புதைந்திருந்தது. அதைச் சுற்றி ஒரு தட்டு அகலத்துக்குப் புல் இஸ்திரி போட்டதுபோல் படிந்து கிடந்தது. குழி இல்லை. கேப்டன் முட்டி போட்டு உள்ளங்கையால் தடவினார், நான் ஒரு மாதமாகத் தடவியதுபோலவே. பந்தை எடுத்தார். பந்தின் சின்னப் பள்ளம் ஒன்றுதான் இருந்தது. வின்டர் ரூல்படி துடைத்தார். ஒரு சாண் தூரத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். கடைசியில், வெள்ளையனின் பூட்ஸ் மிதித்துச் சமமாக்கிய அந்த வட்டத்துக்குள்ளேயே பந்தை வைத்தார்.

செக்ரட்டரி என்னைப் பார்த்தார். தீர்ப்பு அப்போதே வந்துவிட்டது.

கேப்டன் அடித்த அந்தப் பந்து நேராகக் குட்டையில் போய் விழுந்து, கோப்பை கிள்ளானுக்குப் போய்விட்டது. அந்த அடிக்கு மட்டும் மாட்டைக் குற்றம் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

6. போட்டோ

"மெஷினு வரும்," என்று அன்று சாயங்காலம் செக்ரட்டரி சொன்னார். "காஞ்ச நாளைக்கு மெஷினு. ஈர நாளைக்கு மாடு. மாட்டுக்காரன் இருக்கட்டும்."

கோலாலம்பூரில் காய்ந்த நாள் எது, ஈர நாள் எது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல நாக்கு துடித்தது. அன்று முழுக்க அது அடங்கியே இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். எல்லோரையும் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அரிவாள் ஆட்களில் இரண்டு பேருக்கு இடமில்லாமல் போயிற்று; அவர்கள் செமினிப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வேலை தேடிப் போனார்கள். வேலாயுதம் அண்ணன் கப்பல் ஏறவில்லை. அவர் பெண்கள் மூவருக்கும் செந்தூலிலேயே கல்யாணம் நடந்தது. மூன்றிலும் அந்தோணி அண்ணனுக்கு முதல் பந்தி.

பிற்பாடு எத்தனையோ வேலை பார்த்தேன், எத்தனையோ பேரை வேலைக்குச் சேர்த்தேன். அந்தக் குளிர்காலத்தில் கற்ற ஒன்றைத்தான் கடைசிவரை வைத்துக்கொண்டேன். மனிதனோ, மாடோ, கருவியோ, சும்மா நிற்கும்போது அளவெடுக்காதீர்கள். ஈரத்தில் இறக்கி, பாரம் ஏற்றி, அப்போது கால் எவ்வளவு விரிகிறது என்று பாருங்கள். அதுதான் அளவு. கொட்டகையில் எடுத்தது வெறும் கோடு.

இதை அன்றே முழுதாகக் கற்றிருந்தால் என் கால் தப்பியிருக்கும். பிரிக்பீல்ட்ஸில் முக்காலியில் உட்கார்ந்து வாங்கிய பூட்ஸ், நாள் முழுக்க ஈரத்தில் நடந்ததும் இரண்டு குதிகாலையும் உரித்துவிட்டது. போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோது, போட்டோவுக்கென்றே வாங்கிய அந்த ஜோடியைக் கழற்றி, முதுகுக்குப் பின்னால் ஒளித்துப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன்.

அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நடுவில் கோப்பையோடு டாக்டர் துரை. பக்கத்தில் வேலாயுதம் அண்ணன், அஞ்சலை, வெள்ளையன். வருகிறவர்கள் இதில் மண்டோர் யார் என்று கேட்பார்கள். மாடு பூட்ஸ் போட்டிருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நிற்கிறவர் என்று என் மனைவி காட்டுவாள்.